இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: காசநோய் இரத்தப் பரிசோதனைக் கடிதம் வந்தால்

ஜிபி மருத்துவரிடம் பதிவு செய்த பிறகு, காசநோய்க்கான இரத்தப் பரிசோதனைக்கு வருமாறு உங்களுக்குக் கடிதம் வரலாம். விசாவுக்காக எக்ஸ்ரே எடுத்துச் சான்றிதழும் வாங்கிவிட்டோமே என்று பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். நம்மைச் சந்தேகிக்கிறார்களோ என்று மனம் நோகிறவர்களும் உண்டு. தயவுசெய்து ஒதுக்காதீர்கள்.

நுரையீரலில் நோயாக வெளிப்பட்டதை மட்டுமே எக்ஸ்ரே காட்டும். கிருமி உடலுக்குள் அடங்கிக் கிடக்கும்போது இருமலும் இராது, பிறருக்குத் தொற்றவும் தொற்றாது. ஆனால் சிலருக்கு அதுவே பின்னாளில் நோயாகிறது. அடங்கிக் கிடக்கும் அந்தக் கிருமியைத்தான் இந்த இரத்தப் பரிசோதனை தேடுகிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வாழும் இந்தியாவில், நோயாளியைக் கண்டறிந்து குணப்படுத்துவதும் அவர் வீட்டாருக்குத் தடுப்பு மருந்து கொடுப்பதுமே முதல் வேலையாக இருக்கிறது. நோய் குறைந்த இங்கிலாந்தால் அதற்கு அடுத்த படிக்குப் போக முடிவதால், நோய் மிகுந்த நாடுகளிலிருந்து கடந்த 5 ஆண்டுகளுக்குள் வந்த, 16 முதல் 35 வயது வரையுள்ளவர்களை அழைத்துச் சோதிக்கிறார்கள்.

சிறுவயதில் போட்ட பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசி இந்த இரத்தப் பரிசோதனையின் முடிவை மாற்றாது. அந்த ஊசி பெரியவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து காக்கவில்லை என்பதை 1968இல் தொடங்கிய செங்கற்பட்டு ஆய்வே காட்டியது. ஆகவே அதை நம்பியும் இருந்துவிட வேண்டாம்.

தொற்று இருப்பதாகத் தெரிந்தால், பெரும்பாலும் 3 மாதம் இரண்டு மருந்துகளோ 6 மாதம் ஒரே மருந்தோ தருவார்கள். காசநோய்ச் சிகிச்சைக்கு இங்கே எவரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. பரிசோதனை முடிவு உங்கள் விசாவையும் பாதிக்காது. அந்த இரண்டு மருந்துகளில் ஒன்றான ரிபாம்பிசின் எடுக்கும்போது சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது இயல்பு. ஆனால் அம்மருந்து கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும் என்பதைப் பெண்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மது அருந்துபவர்கள் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், ஏனெனில் இம்மருந்துகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடும்.

நோயே வந்துவிட்டாலும் மாதக்கணக்கில் மருத்துவமனையில் அடைத்து வைப்பார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. வீட்டிலிருந்தபடி மருந்து உட்கொண்டாலும் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் கிடைக்கும் அதே பலன் கிடைக்கும் என்பதையும், அதனால் வீட்டாருக்குக் கூடுதலாக நோய் பரவுவதில்லை என்பதையும் 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வுதான் நிறுவியது. படுக்கைகளுக்குப் பஞ்சமான ஓர் ஊரில் கண்ட அந்த முடிவு, பணக்கார நாடுகளின் சிகிச்சை முறையையும் மாற்றியது.

குழந்தை பிறக்கவிருந்தால், பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்தியாவில் பிறந்தவர்கள் என்பதை மிட்வைஃபிடம் (பேறுகாலச் செவிலியிடம்) சொல்லுங்கள். இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் பிசிஜி போடுவதில்லை. உங்கள் குழந்தைக்கு அது கிடைக்கும்.