இலகுரகக் காரில் முன் பிரேக்கைப் பெரிதாக்கிய பிறகு பின் பிரேக் பிடிப்பதாகவே தெரியவில்லை

கேள்வி

வணக்கம். குழாய்ச் சட்டத்தின் மேல் நானே கட்டிய இரண்டு இருக்கைக் காருக்கு, 1,050 கிலோ எடையுள்ள பழைய கார் ஒன்றின் பிரேக்குகளைப் பொருத்தியிருந்தேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பூஸ்டருக்கு (பெடல் மிதிக்குத் துணை விசை தரும் கருவி) இடமில்லாததால் 22.2 மி.மீ. மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளுவது) எடுத்துவிட்டு 19.05 மி.மீ. சிலிண்டரைப் போட்டேன். சென்ற மாதம் முன் சக்கரங்களுக்கு நான்கு பிஸ்டன் காலிப்பரும் (டிஸ்க்கை இறுகப் பிடிக்கும் பகுதி) பெரிய டிஸ்க்கும் மாற்றினேன். அன்றிலிருந்து பெடல் ஆழமாக இறங்குகிறது. சற்று அழுத்தினாலே முன் சக்கரங்கள் லாக் ஆகின்றன. ஓட்டி முடித்துத் தொட்டுப் பார்த்தால் பின் டிரம்களில் வெதுவெதுப்புகூட இல்லை. பின் லைனில் பிரஷர் வால்வு பொருத்தினால் சமன் ஆகுமா? ஓட்டுநரும் பாதி பெட்ரோலும் சேர்த்து முன்னால் 305 கிலோ, பின்னால் 315 கிலோ. வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 2.3 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் ஏறக்குறைய 0.45 மீட்டர்.

பதில் 1

அந்த வால்வை வாங்க வேண்டாம். அது பின் லைனின் அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே செய்யும். உங்களுக்கோ பின்னால்தான் போதவில்லை.

எடையை அளந்து வைத்திருப்பதால் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். காய்ந்த சாலையில் 0.9 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.9 பங்கு) அளவுக்குப் பிரேக் பிடித்தால், 620 × 0.9 × 0.45 ÷ 2.3 என்ற கணக்கின்படி சுமார் 109 கிலோ பின்னாலிருந்து முன்னால் சாய்கிறது. அப்போது முன் சக்கரங்களின் மேல் 414 கிலோவும் பின் சக்கரங்களின் மேல் 206 கிலோவும் இருக்கும், அதாவது பிரேக் விசை ஏறக்குறைய 67:33 என்று பிரிய வேண்டும். பழைய காரின் எடையில் அறுபது சதவீதம் முன்னால் இருந்து, அதன் ஈர்ப்பு மையமும் சற்று உயரமாக இருந்திருந்தால், அதற்கு 80:20 அளவில் தேவைப்பட்டிருக்கும். ஆகவே நீங்கள் எதையும் மாற்றுவதற்கு முன்பே முன் பிரேக்கின் பங்கு கூடுதலாகத்தான் இருந்தது. இவ்வளவு எடை குறைந்த காரை நிறுத்தும் எல்லையை டயரின் பிடிப்புதான் தீர்மானிக்கிறது. காலிப்பரின் அளவு அந்த எல்லையைக் கூட்டாது.

பதில் 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். பழைய காலிப்பர் 48 மி.மீ. ஒற்றைப் பிஸ்டனாகவும், புதியது 38.1 மி.மீ. பிஸ்டன்கள் நான்கு கொண்டதாகவும் இருந்தால் (இந்த வகைகளில் பரவலான அளவுகள் இவை), அழுத்தும் விசைக்கு ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். 1,810 சதுர மி.மீ. இருந்த இடத்தில் 2,280 வருகிறது. டிஸ்க்கின் செயல் ஆரமும் 95 மி.மீ.யிலிருந்து 110 ஆகியிருந்தால், பெடலில் அதே மிதிக்கு முன் சக்கரத்தின் பிரேக் முறுக்கு ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடுகிறது, பின்னால் ஒன்றும் மாறவில்லை. பெடல் இறங்குவதற்கும் இதே காரணம்தான்: பெரிய பிஸ்டன்களை நகர்த்த அதிக பிரேக் ஆயில் வேண்டும், அதைத் தள்ளுவதோ சிறிய மாஸ்டர் சிலிண்டர்.

என் யோசனை, பழைய காலிப்பரையும் டிஸ்க்கையும் திரும்பப் போட்டுவிட்டு, பின் வீல் சிலிண்டரை (டிரம்முக்குள் பிரேக் ஷூக்களைத் தள்ளுவது) ஒரு படி பெரிதாக்குவது. 17.8 மி.மீ. இருக்குமானால் 19.05 ஆக்கலாம், பரப்பு 15 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடும்.

பதில் 3

நான்கு பிஸ்டனை வைத்துக்கொள்ளவே விரும்பினால், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களும், பெடலின் விசையை அவற்றுக்குப் பிரித்துத் தரும் பேலன்ஸ் பாரும் கொண்ட பெடல் தொகுதிதான் வழி. பெரும் வித்தியாசத்தைச் சிலிண்டர்களின் விட்டத்தால் சரிசெய்து, பாரை நுண்ணிய திருத்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பொருத்திய பிறகு முன் அல்லது பின் பக்க நிப்பிளை (பிரேக் லைனின் காற்றை வெளியேற்ற, அதாவது பிளீட் செய்யத் திறக்கும் திருகு) மட்டும் திறந்துவிட்டு மிதித்துப் பாருங்கள். பார் சாய்ந்தாலும் மறுபக்கம் பிடித்தாக வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் காரை வெளியே எடுக்கவே கூடாது.

இன்னொன்று. நீங்கள் இணைத்த படத்தில் பிளீடிங் நிப்பிள் காலிப்பரின் அடிப்பக்கத்தில் தெரிகிறது. இடது, வலது மாறிப் பொருத்தியிருக்கிறீர்கள். காற்று மேலேதான் தங்கும் என்பதால் எத்தனை முறை பிளீட் செய்தாலும் அது வெளியேறாது.

கேட்டவர்

நிப்பிள் விஷயம் உண்மைதான், நான் கவனிக்கவே இல்லை. நான்கு பிஸ்டன் காலிப்பர்களைக் கழற்றிவிட்டுப் பழையவற்றைப் போட்டு, பின்னால் 19.05 மி.மீ. வீல் சிலிண்டர் வைத்தேன். ஆளில்லாத மூடிய தளத்தில் 50 கி.மீ. வேகத்தில், நண்பர் ஒருவர் எட்ட நின்று சக்கரங்களைப் பார்க்க, அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டினேன். இப்போதும் முன் சக்கரங்கள்தான் முதலில் லாக் ஆகின்றன, ஆனால் முன்பைவிட மிகவும் தாமதமாக. பின் டிரம்களில் கையை வைக்க முடியாத அளவு சூடு. பின் பிரேக்கை இன்னும் ஒரு படி கூட்டலாமா?

பதில் 1

இத்துடன் நிறுத்துங்கள். ஈரச் சாலையில் 0.4 ஜி அளவே கிடைக்கும்போது உங்கள் காருக்குத் தேவையான பங்கு 57:43 ஆகிவிடும். அங்கே முன் சக்கரங்கள் முந்தி லாக் ஆனால் கார் நேராகச் சறுக்கும், பெடலைத் தளர்த்தியதும் ஸ்டியரிங் மீண்டும் கைக்கு வரும். பின் சக்கரங்கள் முந்தினால் வால் சுழன்றுவிடும். கரடுமுரடான தளம், தேய்ந்த பின் டயர், டிரம்முக்குள் புகுந்த ஈரம் எல்லாவற்றுக்கும், முன் சக்கரங்கள் பின்னவற்றை முந்தி லாக் ஆகும் அந்தச் சிறு இடைவெளி தேவை. பின் பிரேக் ஷூக்கள் டிரம்மில் முழுமையாகப் படிந்த பிறகு அதே சோதனையை ஒருமுறை திரும்பச் செய்யுங்கள், ஏனெனில் ஷூ படியப் படியப் பின் பிடிப்பு தானாகவே கூடும்.