முதல் சர்வர் அணைந்தால் கால் இரண்டாவதற்குப் போக அரை நிமிடம் ஆகிறது – உதவி தேவை

கேள்வி:
வணக்கம். ஒரு மருத்துவமனையின் போன் அமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். வெளியிலிருந்து வரும் பிஆர்ஐ லைன் (பல கால்களைச் சுமக்கும் டிஜிட்டல் டெலிபோன் லைன்) கேட்வேயாக இருக்கும் சிஸ்கோ ரூட்டரில் இறங்கி, அங்கிருந்து எஸ்ஐபி (இணையவழி கால்களை இணைக்கும் நெறிமுறை) வழியாக, யுடிபியில், இரண்டு கால் சர்வர்களுக்குப் போகிறது. எந்த எண்ணுக்கான கால் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று ரூட்டருக்குச் சொல்லும் விதிதான் டயல்-பியர். சர்வருக்கு ஒன்றாக உள்ள இரண்டு டயல்-பியரிலும் ஒரே பேட்டர்ன், 6... (6-இல் தொடங்கும் நான்கு இலக்க எண்கள்) தான். பிரிஃபரன்ஸ் (சிறிய எண்ணுக்கு முன்னுரிமை) முதலாவதற்கு 0, அடுத்ததற்கு 1.

முதல் சர்வரில் சர்வீஸை மட்டும் நிறுத்திப் பார்த்தால் கால் சட்டென்று இரண்டாவதற்குப் போகிறது. ஆனால் நேற்று யுபிஎஸ் பழுதாகி அந்த மெஷினே அணைந்துவிட்டது. அழைத்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அரை நிமிடம் கழித்துத்தான் மணி அடித்தது. அவசரப் பிரிவுக்குக் கூப்பிடுகிறவர் அதுவரை பொறுப்பாரா? வைத்துவிடுகிறார். எதை மாற்ற வேண்டும்?

பதில் 1:
உங்கள் ரூட்டிங் சரியாகவே இருக்கிறது. சர்வீஸ் மட்டும் நின்றால், உயிரோடு இருக்கும் மெஷின் ‘இந்த போர்ட்டில் யாரும் இல்லை’ என்று உடனே சொல்லிவிடும். அணைந்த மெஷின் எதுவும் சொல்லாது. இன்வைட் (காலைத் தொடங்கக் கேட்கும் எஸ்ஐபி செய்தி) வழியில் தொலைந்துவிட்டதாக நினைத்து கேட்வே திரும்பத் திரும்ப அனுப்பும். அரை நொடி, ஒரு நொடி, இரண்டு, நான்கு என்று இடைவெளி இரட்டித்துக்கொண்டே போகும். எஸ்ஐபியின் தர ஆவணமான ஆர்எஃப்சி 3261 இதற்குக் கொடுக்கும் கெடு 32 நொடி. உங்கள் அரை நிமிடம் அதுதான்.

ரூட்டர் கான்ஃபிகில் எஸ்ஐபி-யூஏ பகுதியில் ‘ரீட்ரை இன்வைட்’ (இன்வைட்டை எத்தனை முறை மறுபடி அனுப்புவது) எதுவும் மாற்றாவிட்டால் 6. அதை 2 ஆக்குங்கள், மூன்றரை நொடியில் அடுத்ததற்குப் போய்விடும்.

பதில் 2:
அது மட்டும் போதாது, ஏனென்றால் ஒவ்வொரு காலும் அந்த மூன்றரை நொடியை இழக்கும். டயல்-பியரில் ‘ஆப்ஷன்ஸ் கீப்அலைவ்’ போடுங்கள். கால் வந்தாலும் வராவிட்டாலும் கேட்வே ‘ஆப்ஷன்ஸ்’ என்ற எஸ்ஐபி செய்தி அனுப்பி சர்வரை விசாரித்துக்கொண்டே இருக்கும். பதில் இல்லையென்றால் அந்த டயல்-பியரை பிஸி-அவுட் ஆக்கிவிடும், அதாவது பயன்பாட்டிலிருந்து ஒதுக்கிவைக்கும். கால் நேராக இரண்டாவதற்குப் போகும். ஆனால் அப்படியே விட்டால் விசாரிப்பு 60 நொடிக்கு ஒருமுறைதான், ரீட்ரை 5. மருத்துவமனைக்கு இது மிக மெதுவு, இரண்டையும் குறையுங்கள்.

வெறும் பிங்கை (மெஷின் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை) நம்பவே நம்பாதீர்கள். கால் சர்வீஸ் தொங்கிக்கிடக்கும்போதும் பிங்குக்குப் பதில் வரும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டையும் செய்து, முதல் சர்வரின் பவர் கேபிளை உருவிப் பார்த்தேன். ‘ஷோ டயல்-பியர் வாய்ஸ் சம்மரி’யில் பிஸி-அவுட் என்று வருகிறது, கால் உடனே போகிறது. ஆனால் ஒரு வார்டின் எக்ஸ்டென்ஷன்களுக்கு மட்டும் 404 (‘அப்படி ஒரு எண் இல்லை’ என்ற பதில்) வருகிறது.

பதில் 2:
அந்த போன்கள் இரண்டாவது சர்வரில் பதிவாகவில்லை. 404 என்பது சர்வர் யோசித்துச் சொன்ன பதில், அதனால் கேட்வே வேறு வழி தேடாது. போனின் செட்டிங்கில் பேக்கப் சர்வர் முகவரி இருக்கிறதா பாருங்கள்.

கேட்டவர்:
காலியாகத்தான் இருந்தது. நிரப்பிவிட்டேன், இப்போது அந்த வார்டிலும் மணி அடிக்கிறது.