ஞாயிறு பாடப் பட்டியல் வேண்டுமா, புத்தகம் புத்தகமாகப் பிரசங்கிக்கலாமா?

நாசரேத்காரன்:
ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் எந்த வேதப்பகுதி என்று முன்கூட்டியே குறித்திருக்கும் பாடப் பட்டியலை, வரும் அட்வெந்திலிருந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறு, சபை வருஷத்தின் தொடக்கம்) எங்கள் சபையில் விட்டுவிடலாம் என்று பேச்சு ஓடுகிறது. சபைக்கு என்ன தேவை என்று ஆயருக்குத்தான் தெரியும், அவரே வசனம் எடுத்துப் பேசட்டும் என்கிறார்கள். எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை.

அட்வெந்து முதல் ஞாயிற்றையே பாருங்கள். நாம் நட்சத்திரம் கட்டி, கேரல் ரவுண்ட்ஸுக்குத் தெருத்தெருவாகப் பிரித்துக்கொண்டிருப்போம். அன்றைய சுவிசேஷமோ மனுஷகுமாரன் திரும்பி வரும் நாளைப் பற்றியது. "விழித்திருங்கள்" என்கிறது. அடுத்த இரண்டு ஞாயிறும் யோவான் ஸ்நானன் வருகிறார். மரியாளையும் யோசேப்பையும் நாலாவது ஞாயிற்றில்தான் பார்க்கிறோம். கடைசி நாளிலிருந்து வருஷத்தைத் தொடங்க வேண்டும் என்று எந்த ஆயருக்குத் தானாகத் தோன்றும்? விட்டுவிட்டால் டிசம்பர் முழுக்கத் தொழுவமும் மீதி மாதமெல்லாம் ஆசீர்வாதமும்தான் கேட்போம்.

வசனம்_வசனமாய்:
பிரதர், பட்டியல் இல்லையென்றால் ஆயர் இஷ்டம்தான் என்று ஏன் நினைக்கிறீர்கள்? 1519 ஜனவரி 1 அன்று சூரிச்சில் சீர்திருத்தவாதி ஸ்விங்லி பட்டியலை ஒதுக்கிவிட்டு மத்தேயு முதல் அதிகாரத்தில் ஆரம்பித்து வரிசையாகப் போனார். இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினை 1538-ல் ஜெனீவாவிலிருந்து துரத்தினார்கள். 1541-ல் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்தே பிரசங்கத்தைத் தொடர்ந்தார். அடுத்து என்ன என்பதை அங்கே முடிவு செய்தது வேதம்தான்.

துண்டு போடுவதால் வரும் கேட்டைச் சொல்கிறேன். மாற்கு 5-ல் யவீருவின் மகளும் பெரும்பாடுள்ள ஸ்திரீயும் ஒரே கதைக்குள் இருக்கிறார்கள். சிறுமிக்குப் பன்னிரண்டு வயது, அந்த ஸ்திரீக்குப் பன்னிரண்டு வருஷ வியாதி. மாற்கு வேண்டுமென்றேதான் இரண்டையும் பின்னியிருக்கிறார். கத்தோலிக்கப் பட்டியலில் இந்தப் பகுதி வரும் ஞாயிற்றுக்கு ஒரு குறுகிய வடிவமும் உண்டு. அதில் அந்த ஸ்திரீயே இல்லை!

பாளை_வாசகர்:
நான் கத்தோலிக்கன், பங்கில் வாசகம் வாசிப்பவன். அந்தக் குறுகிய வடிவம் எனக்கும் பிடிக்காது. ஆனால் நீண்ட வடிவம் அதே பக்கத்தில் இருக்கிறது, அதை வாசிக்க யாரும் தடை சொல்வதில்லை.

நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. காலமும் ஒரு போதகர்தான். மூன்றாண்டுச் சுற்றில் மத்தேயுவை வாசிக்கும் ஆண்டின் தவக்காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில், மூன்று ஞாயிறு தொடர்ந்து யோவான் நற்செய்தி வரும்: சமாரியப் பெண், பிறவிப் பார்வையற்றவர், இலாசர். தண்ணீர், ஒளி, உயிர். பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவில், திருமுழுக்குப் பெறப் போகிறவர்களுக்காகவே இந்த வரிசை. அவர்களில் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது "எனக்கு அந்தத் தண்ணீரைத் தாரும்" என்று வாசித்துப் பாருங்கள். யோவான் 4-ஐ ஏதோ ஒரு ஆகஸ்டில் வரிசைப்படி வாசித்தால் அது கிடைக்காது.

1969-க்கு முன்பு எங்களுக்கு ஓராண்டுச் சுற்றுதான் இருந்தது, ஞாயிறுகளில் பழைய ஏற்பாடு காதில் விழுவதே அரிது. மூன்றாண்டுச் சுற்று வந்த பிறகுதான் மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரையும் ஆளுக்கொரு ஆண்டாகக் கேட்கிறோம்.

கல்லறைத்_தோட்டம்:
பட்டியலை ஆதரிக்கும் அண்ணன்மார் இருவருக்கும் ஒரு கேள்வி. உயிர்ப்பு ஞாயிறு பகலில் யோவான் 20-ஐ ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்துகிறது கத்தோலிக்கப் பட்டியல். பேதுருவும் மற்ற சீடரும் ஓடி வந்து பார்க்கும் இடம் அது. மகதலா மரியா அழுதுகொண்டே நிற்பதும், ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் செவ்வாய்க்கிழமைக்குப் போய்விடுகிறது. செவ்வாய்க்கிழமை பூசைக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? 2016-ல் மரியாவின் நினைவு நாளை விழாவாக உயர்த்தினார்கள், சந்தோஷம். ஆனால் முதன்முதலில் செய்தி சொன்னவரின் கதையை அந்த ஞாயிறு கேட்காமல் வேறு எந்த ஞாயிறு கேட்பது? வாரநாள் பட்டியல் ரோமர் 16-ஐயும் மூன்றாம் வசனத்தில்தான் ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனத்தில் இருக்கும் சபை ஊழியக்காரி பெபேயாள் வெளியே நிற்கிறார்.

நாசரேத்காரன்:
அக்கா, நியாயமான கோபம். ஆனால் பல சபைகள் சேர்ந்து 1992-ல் வெளியிட்ட பொதுப் பட்டியல் உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு பதினெட்டாம் வசனம் வரை கொடுக்கிறது. பட்டியலில் விடுபட்டது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, சண்டை போட்டுத் திருத்த முடிகிறது. ஒரு ஆயர் இருபது வருஷமாகத் தொடாமலே விட்ட பகுதிகளை யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்? என் பயமே அதுதான்.

வசனம்_வசனமாய்:
சரி, 2026-ஐ எடுங்கள். மத்தேயு ஆண்டு. லெந்து தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 18. லெந்து, அதாவது தவக்காலம், சீக்கிரம் வந்ததால் அதற்கு முந்தைய ஞாயிறுகளில் வாசித்து வந்த மலைப்பிரசங்கம் பாதியில் நின்றது. "கண்ணுக்குக் கண்", "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்கிற மத்தேயு 5:38-48 அந்த வருஷ ஞாயிறுகளில் வரவே இல்லை. நீங்கள் சொன்ன இரண்டு பட்டியலிலும்தான்! எதை விடுவது என்று ஈஸ்டர் தேதி முடிவு செய்வதா?

பாளை_வாசகர்:
2025 பிப்ரவரி 23 அன்று லூக்கா 6-லிருந்து பகைவரை அன்பு செய்யுங்கள் என்பதை வாசித்தோமே. மூன்றாண்டையும் சேர்த்துப் பாருங்கள் தம்பி. உங்கள் வழியில் மத்தேயுவை முடிக்கவே சில வருஷம் ஆகும். அதுவரை ஒரு பிள்ளை லூக்காவின் ஊதாரி மகனைக் கேட்காமலே வளர வேண்டியதுதானா?

வசனம்_வசனமாய்:
லூக்காவில் "கண்ணுக்குக் கண்" கிடையாது. மலைப்பிரசங்கத்தின் வாதமே அந்த "நானோ உங்களுக்குச் சொல்லுகிறேன்" வரிசையில்தான் ஏறுகிறது. ஊதாரி மகனைப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளியும் வீட்டு ஜெபமும் சொல்லிக்கொடுக்கலாம், பிரசங்க பீடம் ஒன்றுதான் இடமா?

நாசரேத்காரன்:
அட்வெந்து தொடங்கிப் பெந்தெகொஸ்தே வரை பட்டியலைத் தொடக்கூடாது. கிறிஸ்துவின் வாழ்வு, பாடு, உயிர்த்தெழுதல் எல்லாம் அதற்குள் இருக்கிறது. பெந்தெகொஸ்தேக்கு அடுத்த திரித்துவ ஞாயிறுக்குப் பிறகு வரும் நீண்ட மாதங்களில் ஒரு புத்தகத்தை முழுதாக எடுக்கட்டும், அதற்கு நான் கை தூக்குவேன். கமிட்டியில் இப்படித்தான் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

கல்லறைத்_தோட்டம்:
அப்படியானால் நியாயாதிபதிகள் புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள். அதன் பதினோராம் அதிகாரத்தில், தகப்பன் செய்த பொருத்தனைக்குப் பலியாகும் யெப்தாவின் மகள் இந்த இரண்டு பட்டியலிலும் ஞாயிறு வாசகமாக இல்லை.

வசனம்_வசனமாய்:
அக்கா சொன்னதற்கு ஆமென். பிரதர், உங்கள் ஆயர் பதினோராம் அதிகாரத்தைத் தாண்டிக் குதிக்காமல் பேசுவாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.