அப்டேட்: அந்த நாத்தக் குளத்துல கடைசியா மீன் மாட்டுச்சு!

தாம்பரம் பக்கம் எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்குற குளத்துல நாலு ஞாயித்துக்கிழமை உக்காந்தும் ஒண்ணுமே மாட்டலன்னு போன மாசம் பொலம்பியிருந்தேன்ல, பாதி ஆகாயத்தாமரை மீதி பிளாஸ்டிக் கவர், அதே குளம்தான்.

தப்பு என் மேலதான். விடியக்காலைல போய் உக்காந்துட்டு இருந்தேன், ஆனா இந்த மாதிரி சாக்கடை கலக்குற தண்ணில ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் கொறஞ்சுகிட்டே போயி விடியும்போதுதான் ரொம்ப மோசமா இருக்குமாம், மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து மூச்சுக்கு அல்லாடுது, அது எங்க இரை எடுக்கும்?

இந்த வாரம் சாயங்காலம் நாலு மணிக்குப் போனேன். சின்ன தூண்டில் முள்ளு, மெதக்குறதுக்கு மயிலிறகுத் தக்கை, மண்புழுவ விட்டுட்டு கோதுமை மாவுல கடலைப் புண்ணாக்கு பெசஞ்சு ஆகாயத்தாமரை ஓரமா போட்டேன். ஒரு மணி நேரத்துல மூணு ஜிலேபி மீன், உள்ளங்கை சைஸு!

ஒரு விரால் வேற தவளைய அடிக்கிற சத்தம் கேட்டுச்சு, பக்கத்துலயே செவப்பா அதோட குஞ்சுக் கூட்டம் மெதந்துச்சு, குஞ்சுக்குக் காவல் இருக்குற தாய மாட்ட வைக்க வேணாம்னு அந்தப் பக்கம் தூண்டிலே போடல. ஜிலேபியயும் திருப்பி விட்டுட்டேன், அந்தத் தண்ணி மீன எவன் திம்பான்.