கல்லூரி ஃபுட்பாலில் எறியாமல் ஓடிக்கொண்டே இருப்பது எதற்கு?

லபக்_காற்று:

டெக்சஸின் லபக் நகரில் மூன்று வருடங்களாக இருக்கிறேன். இந்த ஊரில் ஃபுட்பால் (கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம்) என்றால் எறிவதுதான். நான்கு பேர் விரிந்து ஓடுவார்கள், பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இரண்டு நொடியில் எறிந்துவிடுவார். 2016-ல் எங்கள் ஊர்ப் பல்கலையான டெக்சஸ் டெக்கின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் ஒரே ஆட்டத்தில் 734 கெஜம் எறிந்ததை என் அலுவலகத்தில் குலதெய்வக் கதை போலச் சொல்வார்கள்.

போன மாதம் நியூயார்க்கில் இருக்கும் மைத்துனர் வெஸ்ட் பாயின்ட்டுக்கு, அங்குள்ள ராணுவக் கல்லூரி அணியான ஆர்மியின் ஆட்டம் பார்க்க அழைத்துப்போனார். ஹட்சன் நதி, மலை, சிவந்த இலைகள் எல்லாம் அழகு. ஆட்டம்தான் புரியவில்லை. முட்டுகிறார்கள், விழுகிறார்கள், மூன்று கெஜம். மறுபடி முட்டுகிறார்கள். எறிந்ததை எண்ண ஒரு கை போதும். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒவ்வொரு மூன்று கெஜத்துக்கும் எழுந்து நின்று கைதட்டினார். ஒரே எறியில் 40 கெஜம் போகலாம் என்கிறபோது இந்தப் பாடு எதற்கு? கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஹட்சன்கரை:

அந்தப் பெரியவர் நானாகக்கூட இருக்கலாம். ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பியோடு பத்தொன்பது வருடமாக அந்தக் குளிரில் உட்காருகிறேன்.

முதலில் அந்த 734. அன்று டெக்சஸ் டெக் தோற்றது, 66-59. எதிரே ஓக்லஹோமாவின் ஜோ மிக்சன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடியே 263 கெஜம் எடுத்தார். குலதெய்வக் கதையில் இந்த அத்தியாயத்தை விட்டுவிடுகிறார்கள் போலிருக்கிறது.

அடுத்த முறை பந்தைப் பார்க்காதீர்கள். எதிரணியின் தடுப்பு வரிசையில் ஓரத்தில் நிற்பவனைப் பாருங்கள். அவனை யாரும் மறிக்க மாட்டார்கள், வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். குவார்ட்டர்பேக் பந்தை, பின்னாலிருந்து நேராக ஓடிவரும் ஃபுல்பேக்கின் வயிற்றில் வைத்து, கையை எடுக்காமல், அந்த ஓரத்து ஆளின் தோளைப் பார்த்தபடி கூடவே ஓர் எட்டு போவார். தோள் உள்ளே திரும்பினால் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓடுவார். திரும்பாவிட்டால் ஃபுல்பேக்கிடமே விட்டுவிடுவார். வெளியே ஓடினால் அங்கேயும் ஒருவனை மறிக்காமல் வைத்திருப்பார்கள். அவன் குவார்ட்டர்பேக் மேல் பாய்ந்தால் பந்து பக்கத்தில் ஓடிவருபவன் கைக்குப் போய்விடும். ஆக, எதிரணியில் இரண்டு பேரை ஒருவரும் தொடாமலேயே கணக்கிலிருந்து கழித்தாயிற்று. அவர்களை மறித்திருக்க வேண்டிய நம் ஆட்கள் இருவர் மிச்சம். இதற்கு ட்ரிபிள் ஆப்ஷன் என்று பெயர். நீங்கள் முட்டு என்று பார்த்தது இதைத்தான்.

இந்தப் பிள்ளைகள் பட்டம் வாங்கியதும் ராணுவப் பணிக்குப் போக வேண்டியவர்கள். 150 கிலோ மலைகளை இங்கே சேர்க்க முடியாது. இளைத்தவன் வலுத்தவனோடு மோதக் கூடாது, அவனைக் குழப்ப வேண்டும். உங்கள் ஊரில் பயிற்சியாளராக இருந்த மைக் லீச் இதே நோய்க்குத்தான் வேறு மருந்து கொடுத்தார். பெரிய கல்லூரிகள் அள்ளிக்கொண்டு போனது போக மிஞ்சியவர்களை வைத்துக்கொண்டு களத்தை அகலத்தில் விரித்தார்.

இன்னொன்று கடிகாரம். பிடிபடாத எறி கடிகாரத்தை நிறுத்திவிடும், களத்துக்குள்ளேயே விழும் ஓட்டம் நிறுத்தாது. 2018-ல் ஓக்லஹோமாவோடு அவர்கள் ஊரான நார்மனில் ஆடியபோது ஆர்மி 60 நிமிடத்தில் 44 நிமிடம் 41 நொடி பந்தை வைத்திருந்தது. அந்த வருடம் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய அவர்கள் குவார்ட்டர்பேக் கைலர் மரே ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். கூடுதல் நேரத்தில் 28-21 என்று தோற்றோம். இன்றும் வயிற்றெரிச்சல்தான்.

எறிபவன்_கட்சி:

எல்லாம் சரி ஐயா. 14 புள்ளி பின்தங்கி ஆறு நிமிடம் மிச்சம் இருக்கும்போது இந்த மூன்று கெஜத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்போது கடிகாரம் உங்களுக்கே எதிரி. 2019-ன் எல்எஸ்யு (லூசியானா மாநிலப் பல்கலை) அணியைப் பாருங்கள். வலுத்த ஆட்கள் நிறைந்த அணி, அவர்களே எறிந்தார்கள். குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ எறிந்தே 60 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது), அணி ஆடிய 15 ஆட்டமும் வெற்றி.

சோளக்காடு:

நெப்ராஸ்காவிலிருந்து எழுதுகிறேன். ஓட்டம் இளைத்தவன் ஆயுதம் என்று ஹட்சன்கரை சொன்னதை எங்கள் ஊரில் சொல்லிவிட்டு வீடு திரும்ப முடியாது. எங்கள் நெப்ராஸ்கா பல்கலையின் 1995 அணியில் வலுத்த ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை, ஆனாலும் ஓடினார்கள். எறிவதில் பெயர்பெற்ற ஃபுளோரிடாவை ஃபியஸ்டா போல் என்ற பட்ட ஆட்டத்தில் 62-24 என்று அடித்தார்கள். ஓடி எடுத்தது மட்டும் 524 கெஜம். எங்கள் குவார்ட்டர்பேக் டாமி ஃபிரேஸியரின் அந்த 75 கெஜ ஓட்டத்தைத் தேடிப் பாருங்கள். பிடித்தவன் எல்லாம் உதிர்ந்துகொண்டே போவான்.

இன்னொரு விஷயம். கல்லூரி ஆட்டத்தில் எறிய நின்ற குவார்ட்டர்பேக்கைப் பின்னாலேயே மடக்கிவிட்டால், அந்த இழப்பை ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் எறிக் கணக்கில் கழிப்பார்கள். அதனால் எறியும் அணியின் ஓட்டக் கெஜம் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். அட்டவணையை மட்டும் பார்த்துச் சண்டைக்கு வராதீர்கள்.

ஹட்சன்கரை:

சோளக்காடு சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். வலுத்தவனும் ஓடலாம், அவன் இஷ்டம். எங்களுக்கு வேறு வழியில்லை, அதுதான் வித்தியாசம். 2023-ல் ஆர்மியும் ஷாட்கன் (குவார்ட்டர்பேக் சில எட்டு பின்னால் நின்று பந்தை வாங்கும் முறை) பக்கம் போய்ப் பார்த்தது. 2024-ல் பழையபடி திரும்பி வந்து 12 ஆட்டம் ஜெயித்து, தன் கான்ஃபரன்ஸின் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் தொகுப்பு) பட்டமும் வாங்கியது.

எறிபவன்_கட்சிக்கு: 14 புள்ளி பின்தங்கினால் வண்டியை எடுக்கக் கிளம்ப வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே எல்எஸ்யுவில் பந்தோடு ஓடும் எட்வர்ட்ஸ்-ஹிலேர் அந்த வருடம் 1,414 கெஜம் ஓடினார். அவருக்குப் பயந்து முன்னால் ஏறி நின்றவர்களின் தலைக்கு மேலேதான் பர்ரோவின் பந்துகளில் பாதி போனது.

லபக்_காற்று:

அண்ணா, நீங்கள் சொன்னபடி நேற்று இரவு பழைய ஆர்மி ஆட்டம் ஒன்றைப் போட்டு அந்த ஓரத்து ஆளை மட்டும் பார்த்தேன். பந்து யாரிடம் என்று நான்கு முறை ஏமாந்தேன். இரண்டு முறை கேமராக்காரரும் என்னோடு சேர்ந்து ஏமாந்தார்.