மறு: முள்ளெலும்பின் பக்கப் பள்ளத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

பாடத்தை வெள்ளிக்கிழமை அச்சுக்கு அனுப்ப வேண்டும். முள்ளெலும்பின் பக்கவாட்டுப் பள்ளத்தைக் குறிக்கும் 'ப்ளூரோசீல்' மட்டும் இன்னும் தமிழாகவில்லை.

> 'பக்கக்குழி' போதும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை அகராதியைத் தேடி ஓடக் கூடாது.

அம்மா, ஓட வேண்டாம். ஆனால் பாரபாசாரஸ் என்ற டைனோசரின் முள்ளெலும்பில் இருப்பது மேலோட்டமான பள்ளம். ஈரக் களிமண்ணில் கட்டைவிரல் பதித்தது போல. கேமராசாரஸ் என்ற இன்னொரு டைனோசரிலோ அது எலும்புக்குள் நுழைந்து அறைகளாக விரிகிறது. அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் கோப் 1877-இல் சூட்டிய அந்தப் பெயருக்கே 'அறைகள் கொண்ட பல்லி' என்றுதான் பொருள். நீள்கழுத்து டைனோசர்களான சௌரோபோடுகளின் கிளைமரத்தில், பாரபாசாரஸை நியோசௌரோபோடு என்ற வளர்ச்சியடைந்த குழுவுக்கு வெளியே, அடிப்பக்கத்தில் வைக்கும்போது பார்க்கிற அடையாளங்களில் இந்த ஆழமும் ஒன்று. இரண்டையும் குழி என்றால் மாணவர் அந்தப் படிநிலையை எங்கே காண்பார்?

> கிரேக்க மூலத்தில் விலா இருக்கிறது. 'விலாக்குழி'யே சரி.

இதை ஏற்க முடியவில்லை. விலா எலும்பு வந்து பொருந்தும் குழி என்றுதான் எவரும் படிப்பார்கள். கிரேக்கச் சொல்லுக்கு நாம் கடன்பட்டவர்கள் அல்ல. கோதாவரிப் படுகையின் கோட்டா பாறைகளில் கிடைத்த பாரபாசாரஸுக்கு 1975-இல் பெயரிட்டவர்கள் 'பெரிய கால்' என்ற வங்காளப் பொருளைத் தயங்காமல் முன்னே வைத்தார்கள். பின்னே சிற்றினப் பெயராகத் தாகூரையும் சேர்த்தார்கள். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் அந்த எலும்புக்கூடு அதே பெயரோடு நிற்கிறது.

> புழை? யானையின் கை புழைக்கை அல்லவா?

புலவர் ஐயா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே வழி திறந்தால்தான் புழை. வழக்கொழிந்த சொல் என்று அம்மா சொல்வார்கள். கொல்லைப்புறத்தை இன்றும் புழக்கடை என்கிறோமே, அது புழைக்கடைதான். மலையாளத்து ஆறான 'புழ'யும் இதே வேர்தானா என்ற கேள்வியை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எடுத்துக்கொள்வோம், ஐயா.

என் முன்மொழிவு: ஆழமற்றது பக்கக்குழி, துளைத்து உள்ளே செல்வது பக்கப்புழை. பறவைகளின் காற்றறை எலும்புகளைப் பேசும் அடுத்த பாடத்துக்கும் புழை உதவும்.

இதுவரை ஐந்து பேர் எல்லா இடத்திலும் 'பக்கக்குழி' என்கிறார்கள். என் பக்கம் புலவர் ஐயா ஒருவரே. பெரும்பான்மைப்படி பக்கக்குழி என்றே அனுப்புகிறேன். கேமராசாரஸ் படத்தின் கீழே மட்டும் பக்கப்புழை என்று எழுதியிருக்கிறேன். அதை நீக்கச் சொல்பவர்கள் வியாழன் இரவுக்குள் காரணத்தோடு எழுதுங்கள்.