பிட்வார்டனிலிருந்து கீபாஸ்எக்ஸ்சி: இணைப்புக் கோப்புகளுக்கு என்ன வழி?

வணக்கம். பிட்வார்டன் என்ற கடவுச்சொல் சேமிப்புச் செயலியில் இருக்கும் 400 பதிவுகளை, அதே வகைச் செயலியான கீபாஸ்எக்ஸ்சிக்கு மாற்ற வேண்டும். சிஎஸ்வி (அட்டவணை வடிவக் கோப்பு) ஆக ஏற்றுமதி செய்ய வேண்டாம்: அதில் லாகினும் குறிப்புகளும்தான் வரும், கார்டு விவரங்கள் விடுபட்டுவிடும், போதாததற்கு எல்லாமே வெறும் எழுத்தாக டிஸ்க்கில் கிடக்கும். ஆகவே கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜேசான் (இன்னொரு கோப்பு வடிவம்) ஆக எடுக்கிறேன். ஏற்றுமதியின்போது 'கணக்குக்கு மட்டும்' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் வேறு செயலியில் திறக்காது, கவனம். கீபாஸ்எக்ஸ்சி 2.7.7 முதல் பிட்வார்டன் ஜேசானை நேரடியாகவே இறக்குமதி செய்கிறது. இதுவரை சரி.

சிக்கல், பதிவுகளோடு சேர்த்து வைத்த இணைப்புக் கோப்புகளில். ஸ்கேன் செய்த ஆவணங்கள் 60 பதிவுகளில் உள்ளன. ஜேசானில் அவை வராது. ஒவ்வொன்றாகப் பதிவிறக்கிச் சேர்த்தால் பெயர் மாறி வேறு பதிவில் போய் ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. கீபாஸ்எக்ஸ்சியின் கட்டளைவரிக் கருவியில் இணைப்பைச் சேர்க்கும் கட்டளை இருக்கிறது. அதை வைத்துப் பதிவின் தலைப்பைப் பொருத்திப் பார்த்துச் சேர்க்கும் ஸ்கிரிப்ட் யாரிடமாவது இருக்கிறதா? ஒரே தலைப்பில் இரண்டு பதிவுகள் இருந்தால் எப்படிப் பிரித்தீர்கள்? லினக்ஸில் இயங்கினால் போதும்.